மூன்றாம் மாடியும் எல்லா மாடியும்

ஜெர்மனியில் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று கார்ல்ஸ்ரூஹேக்கு வந்த இரண்டாவது வாரமே முடிவுகட்டி, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. எங்கள் பிரிவின் தலைவர் சைக்கிளில் வேலைக்கு வந்தார். மதியம் சாப்பிட்டதும் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்கினார். மறுநாள் காலையில் கழுவிய பாத்திரங்களை எடுத்து அலமாரியில் வைத்ததும் அவர்தான். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். மூன்று மாதம் எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் மேசைக்கே காபி கொண்டுவந்து வைக்க ஒருவர் இருந்தார். ஐந்து வருடத்தில் அவர் பெயரை நான் கேட்டதில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

"அப்ப வீடு கூட்டறது, பாத்திரம் தேய்க்கறதெல்லாம்?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாம் நாமளேதாம்மா. இங்க எல்லாரும் ஒண்ணு."

"நல்ல ஊருதான் போ" என்றாள். அது பாராட்டா பரிதாபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தினமும் நாலு மணிக்கு மேல், நீல மேலங்கி அணிந்த ஒரு பெண்மணி வாளியும் மாப்பும் வைத்த தள்ளுவண்டியோடு எங்கள் மூன்றாம் மாடிக்கு வருவார். அவரைப் பார்த்தேன் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. மேசைக்கடியில் குப்பைக்கூடை காலியாகியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நகல் இயந்திரம் இருக்கும் சின்ன அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "ஓம், நான் வாறன் எண்டு சொல்லுங்கோ. இப்ப ஏலாது, வேலையிலை நிக்கிறன்."

இரண்டு மாதமாகத் தமிழைப் போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கையிலிருந்த காகிதங்களோடு உள்ளே ஓடினேன். நீல மேலங்கிப் பெண்மணி போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க தமிழா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேறை என்ன பாசை பேசினதாக் கேட்டது உமக்கு?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குப் பிள்ளை. ஐம்பது வயதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. நகல் இயந்திர அறையில் தினமும் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கும். கறிவேப்பிலை எந்தக் கடையில் எந்தக் கிழமை வரும், குடிப்பதிவு அலுவலகத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்பதையெல்லாம் சொல்வார். சில நாள் ஒரு டப்பாவில் கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டுவந்து என் பையில் வைத்துவிட்டுப் போவார். அவர் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசும் இங்கிலீஷ் கலந்த தமிழ் அவருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதெல்லாம் அந்த அறைக்குள்தான். வெளியே நடைபாதையில் எதிர்ப்பட்டால் நான் லேசாகத் தலையசைப்பேன், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு கவலை. என் மகளுக்கு மூன்றரை வயது. அவளையும் கணவரையும் திருச்சியில் விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் வந்திருந்தேன். அவர்களை வரவழைக்க வேண்டுமென்றால், மூன்று பேர் இருக்கப் போதுமான வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். நிறுவனம் தந்திருந்த ஒற்றை அறையோ டிசம்பர் வரைக்கும்தான். பதினேழு வீடுகளுக்கு எழுதிப் போட்டேன். நான்கு பேர் பார்க்க வரச் சொன்னார்கள். நான்கு வீட்டு வாசலிலும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், ஒருவரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. மகள் முதல் மாதம் வீடியோவில் என்னைப் பார்த்து அழுதாள். இரண்டாம் மாதம் எப்போது வருவாய் என்று கேட்டாள். மூன்றாம் மாதம் பை சொல்லிவிட்டு விளையாட ஓடினாள். அவள் அழுதபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார்.

"இஞ்சை பக்கத்திலை, டூர்லாக்கிலை ஒரு கிழவி இருக்கிறா. பதினாறு வருசமா சனிக்கிழமையிலை அவவின்ரை வீட்டைத் துப்புரவாக்கிறன். மேல் மாடி காலியாகப் போகுது. ஆரையும் லேசிலை நம்பமாட்டா. நான் கேட்டுப் பாக்கிறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நன்றியில்தான் அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"ஊர்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்கக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். கேட்கும்போதே என் மனதில் விடை தயாராக இருந்தது. டீச்சராக இருந்திருப்பார், இல்லாவிட்டால் வங்கியில். அகதியாக வந்ததால் இப்படி ஆகிவிட்டது.

"ஊரிலையோ? ஒண்டும் செய்யேல்லை. பள்ளிக்கூடத்தாலை நிண்டு வீட்டிலை இருந்தனான். கலியாணம் கட்டி இஞ்சை வந்தன். வந்த மூண்டாம் மாசம் துடங்கி க்ளீனிங்தான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், நன்றாகவே ஏமாற்றமாக இருந்தது. ஒரு காலத்தில் டீச்சராக இருந்தவர் என் குப்பைக்கூடையை எடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியும், எப்போதுமே குப்பைக்கூடை எடுத்தவர் எடுப்பதில் எனக்கு ஏதோ சிக்கல் என்றால், இது என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? சமாளிப்பதற்காக மகனைப் பற்றிக் கேட்டேன். மின்சார வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்கிறான் என்றார், அதாவது வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சி.

"எஞ்சினியரிங் சேர்த்திருக்கலாமேக்கா?"

"ஏன்?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். "அவனுக்கு வயர் இழுக்கத்தான் விருப்பம்."

செப்டம்பரில் என் பிறந்தநாள் வந்தது. இங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு கேக் வாங்கி, மாடியில் உள்ள எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். நாலரை மணிக்குச் சமையலறையில் கூடிப் பாடினார்கள். அப்போது அக்கா வாளியோடு உள்ளே வந்தார். தரை துடைக்கும் நேரம் அது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவர் சிரித்த முகமாக ஹலோ சொல்லி, மாப் போக வழியாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். தட்டை அவர் கீழே வைக்கவில்லை. மற்றவர்களும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். மரியாதையாகத்தான் விட்டார்கள். ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் சொல்லலாமா கூடாதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இந்த ஊர் வழக்கம் தெரியாதவள், அவர்கள் சொன்னால் நானும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேக் என்னுடையது என்பதே எனக்கு மறந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு மீந்த இரண்டு துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி நகல் அறைக்குக் கொண்டுபோனேன்.

"சந்தோசம், பிள்ளை" என்று வாங்கிக்கொண்டார். திருச்சியில் எங்கள் வீட்டில் வேலை செய்தவர், பின்கட்டில் நின்று மீந்த குழம்பை வாங்கிக்கொள்வது அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது. வந்த வேகத்திலேயே தள்ளிவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். தீபாவளி வந்தது.

எங்கள் வீட்டில் புடவைகள் இரண்டு வகை. கட்டுவதற்கு ஒன்று, வைத்துக்கொடுப்பதற்கு ஒன்று. வீட்டுக்கு யாராவது வந்தால் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுப்போம். அவர்கள் அதைக் கட்டமாட்டார்கள், வேறு யாருக்காவது வைத்துக்கொடுப்பார்கள். சில புடவைகள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் பீரோவுக்கே திரும்பி வந்திருக்கின்றன. அதற்குள்ளேயும் இரண்டு தரம் உண்டு. உறவுக்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. "எங்கயாவது யாருக்காவது தேவைப்படும்" என்று அம்மா என் பெட்டியில் மூன்று வைத்திருந்தாள். இரண்டு உறவுக்காரர் தரம். மூன்றாவது பச்சை, சரிகை மாதிரி மினுங்கும் கரை.

வீட்டு வேலைக்கு வந்தவருக்குத் தீபாவளிக்குப் புதுப் புடவை, ஒரு பெட்டி ஸ்வீட், உறையில் பணம். இதுதான் எங்கள் வீட்டு முறை. பழம்புடவையைத் தள்ளிவிடும் வீடுகளைப் பார்த்து எங்களுக்கு இளக்காரம். எனவே பெட்டியைத் திறந்து மூன்று புடவையையும் கட்டிலில் பரப்பியபோது, நான் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கை பச்சைக்குப் போனது. யோசித்துப் போனது என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் போனது என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்காரப் பாட்டியிடம் அக்கா பேசிக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் கொடுத்தால் நல்லது என்ற நினைப்பும் உள்ளே எங்கோ இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

நகல் அறையில் புடவையையும் பணம் வைத்த உறையையும் நீட்டினேன். அக்கா புடவையை வாங்கி, முந்தானை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். ஜெர்மனியிலேயே இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் கட்டிக்கொண்டு போன காஞ்சிபுரத்தைப் போனில் எனக்குக் காட்டியிருக்கிறார். அந்த விரல்களுக்குத் துணி தெரியும். பிறகு உறையைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"தீபாவளிக்குக்கா. வச்சுக்கங்க."

"ஓம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தபோது என் மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. கீபோர்டின் ஒரு பக்கம் லேசாக உயர்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடியில் உறை, ஒட்டியது ஒட்டியபடி.

அன்று மாலை அக்கா வந்தார். "குட்டன் ஆபண்ட்" என்று ஜெர்மனில் மாலை வணக்கம் சொன்னார், எல்லோருக்கும் சொல்வதுபோல. குப்பைக்கூடையைக் காலி செய்தார். அடுத்த மேசைக்குப் போனார். நகல் அறையில் நான் போய் நின்ற பத்து நிமிடமும் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. அம்மாவிடம் சொன்னேன்.

"பத்தலையோ என்னவோ" என்றாள் அம்மா. "வெளிநாட்டுல விலைவாசி வேறல்ல. கூடப் போட்டுக் குடுத்திருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெட்கத்தோடு எழுதுகிறேன், இரண்டு நாள் நானும் அப்படியும் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. புடவை கொடுத்ததா, பச்சையைக் கொடுத்ததா, பணமா? கேக்கிலேயே ஆரம்பித்துவிட்டதா? அவர் கத்தரிக்காய்க் கறி கொடுத்தால் அது அன்பு, நான் புடவை கொடுத்தால் அது அவமானம் என்றால் அது எந்த ஊர்ச் சட்டம்? கோபம்கூட வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. வீடு போய்விட்டது என்று நினைத்தேன். மகள் அந்த வாரம் வீடியோவுக்கே வரவில்லை, தூங்குகிறாள் என்றார் கணவர்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் அக்கா என் மேசையருகே நின்றார். "சனிக்கிழமை பத்து மணிக்கு டூர்லாக்குக்கு வாரும். கிழவி டெர்மின் தந்திருக்கிறா" என்று சொல்லி, விலாசம் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பார்க்க நேரம் கொடுத்துவிட்டார்கள் என்பதே எனக்குப் போதும். ஏன் செய்தார் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

பழைய மூன்று மாடி வீடு. உள்ளே மரப் படிக்கட்டு, முகம் பார்க்கலாம் போல மெழுகியிருந்தது. முதல் மாடிக் கதவுப் பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. அது யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படியைக் கூட்டித் துடைப்பது அவர்கள் முறை. அக்கா அதைப் போகிற போக்கில் விளக்கினார். பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கைத்தடியோடு எங்களை மேல் மாடிக்கு அழைத்துப்போனார். இரண்டு படுக்கையறை, தெற்குப் பார்த்த சன்னல். சின்ன அறையில் கட்டிலை எங்கே போடலாம் என்று நான் அதற்குள் மனதில் போட்டுவிட்டேன்.

பாட்டி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவிடம் ஏதோ கேட்டார். இந்தப் பக்கத்துக் கொச்சை ஜெர்மன் எனக்குச் சரியாகப் பிடிபடாது, ஆனால் கேள்வி இவ்வளவுதான் என்று புரிந்தது. இவரும் உங்களைப் போலவே நன்றாகச் சுத்தம் செய்யும் வேலைக்காரரா?

அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே, இல்லை இல்லை என்று ஜெர்மனில் நான் முந்திக்கொண்டேன்.

"நைன், நைன். நான் எஞ்சினியர்."

ஆறு மாதமாக மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தும் ஒரு வாக்கியம் உருப்படியாக வராத எனக்கு, அந்த ஒரு வாக்கியம் மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. அதுவும் சத்தமாக. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

பாட்டியின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அது வாடிவிட்டது. முன்னால் குடியிருந்தவரும் எஞ்சினியராம். இரண்டு வருடத்தில் ஒரு முறைகூடப் படியைக் கூட்டவில்லையாம், ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பணம் தருகிறேன் என்றாராம். பாட்டி அதைச் சொல்லும்போது கைத்தடியால் தரையைத் தட்டினார். அப்போது அக்கா பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசவில்லை, நிதானமாகப் பேசினார். என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார், மேலே கையை உயர்த்தினார். பாட்டி சிரித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

டிராம் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, நான் அப்படிச் சொன்னது..."

"உண்மையைத்தானே சொன்னீர். நீர் எஞ்சினியர்தானே."

"இல்லக்கா, அந்தப் புடவை, அந்த உறை..."

எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே வரிசை தெரியவில்லை. அவர் டிராம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வீடு தருவா" என்றார். "உமக்காக நான் கேக்கேல்லை. சின்னப்பிள்ளை ஒண்டு எவ்வளவு நாளைக்குத் தாயை விட்டிட்டு இருக்கிறது. படி கழுவத் தெரியுமோ?"

"கத்துக்கறேன்."

"தண்ணியை ஊத்தாதையும். மரம் ஊறிப்போகும். துணியைப் பிழிஞ்சு துடைக்க வேணும்."

டிசம்பரில் குடிபுகுந்தேன். பிப்ரவரியில் அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என்னை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒரு வாரத்தில் என் கழுத்தைவிட்டு இறங்க மறுத்தாள். அது போதும் எனக்கு.

எங்கள் முறை வரும் சனிக்கிழமைகளில் நான் மண்டியிட்டுப் படி துடைத்தேன். கணவரும் துடைப்பார், ஆனால் ஓரங்களை விட்டுவிடுவார், பாட்டி மேலே வந்து கதவைத் தட்டுவார். ஒரு நாள் நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது பாட்டி கதவைத் திறந்து பார்த்து, "உங்கள் சக ஊழியர் அன்று சொன்னது சரிதான்" என்றார். என் சக ஊழியரா? பாட்டி மெதுவாக, எனக்குப் புரியும்படி திரும்பச் சொன்னார். அன்று அக்கா சொன்னது இதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில்தான் வேலை. இவர் மூன்றாம் மாடி, நான் எல்லா மாடியும். இவர் கெட்டிக்காரி, படியைக் கற்றுக்கொள்வார்.

பிழிந்த துணியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தன்னோடு வேலை செய்பவள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதே அலுவலகத்தில் அவரை எனக்குத் தெரியும் என்றுகூட நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் கீழே வேலை முடிந்ததும் அக்கா மேலே வந்து எங்களோடு டீ குடிப்பது வழக்கமானது. மகள் அவரைப் பெரியம்மா என்றாள். சித்திரைப் பிறப்பன்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் பாவாடை சட்டை. பச்சை, சரிகை மாதிரி மினுங்கும் கரை.

"பிள்ளைக்கு அளவு சரியோ பாரும். துணி மிஞ்சினதிலை பொம்மைக்கும் ஒண்டு தைச்சனான்."

மன்னித்துவிட்டாரா, திருப்பிக் கொடுத்துவிட்டாரா? ஊரெல்லாம் சுற்றி எங்கள் பீரோவுக்கே திரும்பி வந்த புடவைகளில் இதுவும் ஒன்றா? எனக்குத் தெரியவில்லை. மகள் சுற்றிச் சுற்றி ஆடினாள், பாவாடை குடையாக விரிந்தது. அக்கா கை தட்டினார். நான் டீ போடப் போனேன்.

இலையுதிர் காலத்தில்தான் கிண்டர்கார்டனில் இடம் கிடைத்தது. இரண்டாவது மாதம் பிள்ளைகளை அப்பா அம்மா செய்யும் வேலையை வரையச் சொன்னார்களாம். மாலையில் கூப்பிடப் போனபோது ஆசிரியை என்னைத் தனியாக உட்காரவைத்தார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசிரியை படத்தை மேசையில் வைத்தார். கோணல் மாணலாக ஒரு படிக்கட்டு. அதில் இரண்டு பெண்கள், கையில் ஆளுக்கொரு வாளி. ஒருவர் நீலம், இன்னொருவர் பச்சை. பச்சை நான்தான். பாவாடை நிறத்தை எனக்குப் போட்டிருந்தாள்.

ஆசிரியை மிகவும் நல்லவர். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். கட்டணக் குறைப்புக்கு விண்ணப்பம் இருக்கிறது, நிறையத் தாய்மார்களுக்கு அது தெரிவதில்லை, நிரப்பத் தெரியாவிட்டால் நானே உதவுகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வருடமாகப் படி துடைக்கிறேன். ஆமாம், துடைக்கிறேன், ஆனால் விண்ணப்பம் தேவையில்லை, நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஜெர்மன் இப்போது ஓரளவு வருகிறது. அந்த வாக்கியத்தை மனதில் கோத்தும்விட்டேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"நைன், நைன். நான் எஞ்சினியர்."

ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். படிவத்தை இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார், இது வேறு சிரிப்பு. குரலும் மாறியது, பேச்சு வேகமானது, எந்த நிறுவனம் என்று கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பிடித்திருந்தது.

"நீங்கதானம்மா படி தொடைச்சீங்க?" என்றாள் மகள், வீட்டுக்கு வரும் வழியில்.

"ஆமாண்டா."

"அப்ப ஏன் இல்லன்னீங்க?"

டிராம் வருகிறது, ஏறு என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா டீ குடிக்க வந்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்று, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த நீலம் ஆர், நானோ? என்னை நல்லாக் குண்டாக் கீறிப்போட்டாள்." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை எடுத்து மகனுக்கு அனுப்பப் படம் பிடித்தார். "ரெண்டு பேரையும் சோடியா நிப்பாட்டியிருக்கிறாள் பாத்தீரே. ரீச்சர் என்ன சொன்னவ?"

மகள் மேசையில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னாங்கக்கா" என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். அந்த வாரம் எங்கள் முறை.